மதினியின் பொங்கல் வாழ்த்து

தேய்ந்துபோன ஹவாய் செருப்பின் குதிகாலிலிருந்து வெட்டி எடுத்த ஒரு சின்னப் பானை அச்சு என்னிடம் இருக்கிறது. இரண்டு விரல் அகலம்தான். பின்பக்கம் ஒரு காலி நூல்கண்டுக் கட்டையில் ஒட்டியிருக்கும். கழுத்தில் மஞ்சள் கொத்து கட்டிய மாதிரி இரண்டு கீறல், வயிற்றில் மூன்று கோடு. ஸ்டாம்பு மை ஊறி ஊறி நீல ரப்பர் கறுத்துக் கிடக்கிறது. வீடு மாறும்போதெல்லாம் எதை எதையோ தூக்கிப் போட்டிருக்கிறேன், இதைப் போட மனம் வந்ததில்லை. இதைச் செய்தவர் என் மதினி, என் ஒரே அண்ணனின் மனைவி. அவர் செத்து முப்பது வருடத்துக்கு மேல் ஆகிறது. அந்தச் சாவில் எனக்கும் பங்கு உண்டு. சுற்றி வளைத்துப் பேச எனக்கு வராது, அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

அப்போது எங்கள் வீடு சிம்மக்கல்லுக்குப் பின்னால் ஒரு சந்தில் இருந்தது. இரண்டு ஆள் எதிரெதிரே வந்தால் ஒருவர் ஒதுங்கி நிற்க வேண்டிய சந்து. அம்மா, அண்ணன், படித்துக்கொண்டிருந்த தங்கை நான், இவ்வளவுதான் குடும்பம். மதினி கொட்டாம்பட்டிக்குப் பக்கத்து ஊரிலிருந்து வந்தவர். தாய் இல்லாத பெண். கடலைக் காட்டில் பாடுபட்டு அவரைப் படிக்கவைத்த தகப்பனாருக்குக் கையெழுத்துக்கூடப் போடத் தெரியாது. மதினி டிராயிங் லோயர், ஹையர் இரண்டு பரீட்சையும் தேறி, ஏதாவது ஒரு பள்ளிக்கூடத்தில் ஓவிய டீச்சராகிவிடலாம் என்ற நினைப்போடு எங்கள் வீட்டுக்குள் காலெடுத்து வைத்தார். அந்தச் சான்றிதழை அண்ணன் ஒரு தடவை வாங்கிப் பார்த்தான். பீரோவுக்குள் வைத்துப் பூட்டினான். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

அந்தக் காலத்தில் மார்கழி பிறந்தால் போதும், கடை வாசலில் எல்லாம் கயிறு கட்டிப் பொங்கல் வாழ்த்து அட்டைகளைத் தொங்கவிட்டுவிடுவார்கள். எங்கள் வீட்டில் மட்டும் கடை அட்டை வாங்குவதில்லை. மதினியே முப்பது அட்டை செய்வார். மத்தியானச் சாப்பாடு முடிந்து, அண்ணன் வேலைக்கும் அம்மா தூக்கத்துக்கும் போன பிறகு அடுப்படித் தரையில் பழைய சேலையை விரித்து உட்காருவார். டிராயிங் தாளை அளவாகக் கிழித்து மடிப்பார். ஈரப் பஞ்சால் தாளை ஒற்றி, கீழே ஆரஞ்சும் மேலே மஞ்சளுமாக ஒரே இழுப்பில் இழுப்பார். இரண்டும் நடுவில் தானாகக் கலந்து விடியற்கால வானம் வந்துவிடும். அது நன்றாகக் காய்ந்த பிறகுதான் செருப்புப் பானையை ஊதா மையில் தொட்டு அழுத்துவார். ஈரத்தில் அழுத்தினால் மை ஊறிக் காயம்பட்ட மாதிரி ஆகிவிடும். வெண்டைக்காயின் காம்புப் பக்கத்தை நறுக்கிச் சிவப்பில் தொட்டு வைத்தால் பூ. கெட்டி அட்டைத் துண்டின் விளிம்பைப் பச்சையில் தொட்டு வரிசையாக வைத்தால் கரும்பு.

ஆனால் அந்த அட்டையின் உயிர் பானையில் இல்லை, பானை வாயில் வழியும் பொங்கலில் இருந்தது. வர்ணம் இழுக்கும்போதே அந்த இடத்தை மட்டும் பிரஷ் தொடாமல் சுற்றிக்கொண்டு போகும். கடைசியில் பார்த்தால் வெறும் தாள்தான் பால் நுரையாக வழிந்துகொண்டிருக்கும். நான் ஒரு தடவை, "இதுக்கு ஏன் மதினி இம்புட்டுப் பாடு? வெள்ளையத் தொட்டு வச்சா முடிஞ்சு போச்சுல்ல?" என்றேன். மதினி சிரித்தார். "வாட்டர் கலர்ல வெள்ளைன்னு ஒண்ணு கெடையாது புள்ள. தாளுதான் வெள்ளை. அத விடத் தெரியணும், அம்புட்டுதான்" என்றார். எனக்குக் கை சும்மா இருக்காது. எதையாவது கூடப் போட்டால்தான் திருப்தி. விடுவது என்பது எனக்கு அன்றைக்கும் தெரியவில்லை.

அண்ணனைப் பற்றி நான் எழுதித்தான் ஆக வேண்டும். வெளியே அவனைப்போல ஒரு தங்கமான ஆள் கிடையாது. யாருக்கு ஆஸ்பத்திரி என்றாலும் முதல் ஆளாக நிற்பான். வீட்டுக்குள் வந்தால் கை நீளும். குழம்பில் உப்பு கூடினால் ஒரு அறை, வாசலில் நின்று பக்கத்து வீட்டில் பேசினால் ஒன்று. மதினிக்கு வரும் கடிதத்தை அவன்தான் பிரிப்பான், மதினி எழுதுவதையும் அவன் படித்த பிறகுதான் ஒட்ட வேண்டும். அம்மா, "ஆம்பளைன்னா அப்படித்தான்" என்று சொல்லிவிட்டுப் பருப்பைக் கழுவப் போய்விடுவாள். நான் என்ன செய்தேன்? ரேடியோ சத்தத்தைக் கூட்டி வைத்தேன். பாவி, அதைத்தான் செய்தேன்.

கல்யாணமாகி மூன்றாவது பொங்கலுக்கு மதினியின் தகப்பனார் வழக்கம்போலச் சீர் கொண்டு வந்தார். கரும்புக் கட்டு, மஞ்சள் கொத்து, புதுப் பானை. மகளின் கன்னத்தில் விரல் பதிந்திருந்ததைப் பார்த்துவிட்டு, "மாப்ள, கை நீட்டுறது நல்லா இல்ல" என்று மெதுவாகத்தான் சொன்னார். அண்ணன் எழுந்தான். கரும்புக் கட்டைத் தூக்கிச் சந்தில் எறிந்தான். பானை வாசல் கல்லில் பட்டு உடைந்தது. "இனிமே இந்த வாசப்படிய மிதிச்சீரு, நடக்குறதே வேற" என்றான். சந்தே வேடிக்கை பார்த்தது. அந்த மனிதர் குனிந்து கரும்பை ஒவ்வொன்றாகப் பொறுக்கினார். மதினியும் கூடக் குனிந்து ஓடுகளைப் பொறுக்கினார். இரண்டு பேரும் குனிந்தபடியே ஏதோ பேசிக்கொண்டார்கள். என்ன பேச்சு என்று அப்போது எனக்குத் தெரியாது.

அதற்குப் பிறகு அவர் வரவே இல்லை. கடிதமும் நின்றுபோனது. ஆனால் பொங்கல் வாழ்த்தை மட்டும் அண்ணன் தடுக்கவில்லை. அவனுடைய ஆபீஸில் எல்லாரும் அந்த அட்டையைப் புகழ்வார்கள், அதில் அவனுக்குப் பெருமை. அதுவும் போக, வாழ்த்து அட்டையைக் கவரை ஒட்டாமல் புக் போஸ்ட்டில் போடுவதுதான் அப்போதைய வழக்கம். உள்ளே நாலு வார்த்தைக்கு மேல் எழுதக் கூடாது. யார் வேண்டுமானாலும் திறந்து பார்க்கலாம். படம்தானே, அதில் என்ன இருந்துவிடப் போகிறது என்று அவனுக்கு எண்ணம். முகவரி எழுதுவதும் தபாலில் சேர்ப்பதும் என் வேலை. அப்படி இரண்டு வருடம் கொட்டாம்பட்டிப் பக்கம் இரண்டு அட்டை போனது.

அடுத்த வருடம் மார்கழியில் மதினி மெலிந்துபோயிருந்தார். இடது கையை மேலே தூக்க முடியாது. காரணம் கேட்டால் வழுக்கி விழுந்தேன் என்பார். அந்த நிலையிலும் முப்பது அட்டையையும் முடித்து என்னிடம் அடுக்கிக் கொடுத்துவிட்டுக் குளிக்கப் போனார். ஒவ்வொன்றாகக் கவரில் போட்டுக்கொண்டு வந்தேன். அடியில் கடைசியாக இருந்தது அவருடைய தகப்பனாருக்கு. எடுத்துப் பார்த்தேன். பானை இருந்தது, கரும்பு இருந்தது, பூ இருந்தது. பொங்கல் வழியவில்லை. பானை வாய்க்கு மேலே ஆரஞ்சு வானம் அப்படியே அடைத்துக்கொண்டு ஓடியிருந்தது.

அசதியில் மறந்துவிட்டார் என்று நினைத்தேன். தை பிறக்கும் நேரத்தில் பொங்காத பானையைப் பிறந்த வீட்டுக்கு அனுப்புவதா? அதைவிட ஒரு அபசகுனம் உண்டா? எங்கள் வீட்டில் பால் பொங்கக் கொஞ்சம் தாமதமானாலே அம்மாவின் முகம் இருண்டுவிடும். மதினியைக் கூப்பிட்டுக் கேட்டிருக்கலாம். கேட்டால் சங்கடப்படுவார், நாமே சரிசெய்துவிடலாம் என்று தோன்றியது. கல்லூரியில் சார்ட் எழுத வாங்கிய வெள்ளை போஸ்டர் கலர் டப்பா இருந்தது. அதைக் கெட்டியாகத் தொட்டு, நாலு பக்கமும் வழிய வழிய நுரை வைத்தேன். விசிறி எடுத்து வீசிக் காயவைத்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், அந்த அட்டையை நான் பாசத்தோடுதான் செய்தேன்.

தபாலில் போட்டுவிட்டு வந்து மதினியிடம் பெருமையாகச் சொன்னேன். "உங்க அய்யா அட்டையில பொங்க மறந்துட்டீங்க மதினி. நான் பொங்க வச்சு அனுப்பிட்டேன்."

மதினி சிரிக்கவில்லை. "போட்டாச்சா?" என்று கேட்டார். போட்டாச்சு என்றேன். கொஞ்ச நேரம் கழித்து, "பெட்டியிலயே போட்டுட்டியா?" என்று திரும்பவும் கேட்டார். ஆமாம் என்றேன். பிரஷ்ஷை எடுத்துக்கொண்டு போய்க் குழாயடியில் கழுவினார். சாயம் போன பிறகும் வெகுநேரம் கழுவிக்கொண்டே இருந்தார்.

பொங்கல் முடிந்து ஒரு வாரம் இருக்கும். "ஏ புள்ள, சித்திரை வருசப் பொறப்புக்கு வாழ்த்து அட்டை போடுவாகளா?" என்று கேட்டார். "அதுக்கெல்லாம் யாரு மதினி போடுறா?" என்று சிரித்தேன். மாசி மாதம் ஒரு மத்தியானம் எங்கள் வீட்டுக் கிணற்றிலிருந்து மதினியைத் தூக்கினார்கள். தண்ணீர் இறைக்கப் போனவள் கால் வழுக்கிவிட்டாள் என்று அம்மா எல்லாரிடமும் சொன்னாள். முந்தின நாள் அடுப்படியில் அண்ணன் அடித்த சத்தத்தை நான் கேட்டிருந்தேன். நானும் கால் வழுக்கியது என்றே சொன்னேன்.

தகப்பனார் வந்தார். அழவில்லை. மஞ்சள் பையிலிருந்து அட்டையை எடுத்து, கூடியிருந்தவர்களிடம் நீட்டினார். "அன்னைக்கு வாசல்ல வச்சுச் சொன்னா. 'அய்யா, நீங்க எழுத்து வாசிக்க வேணாம், பானையப் பாருங்க. பொங்கியிருந்தா நான் நல்லா இருக்கேன். பொங்கலைன்னா வந்து கூட்டிட்டுப் போயிருங்க'ன்னு சொன்னா. பாருங்க, பொங்கித்தான இருக்கு? நல்லா இருக்கேன்னுதான போட்டிருக்கா?" நான் அடுப்படி நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். நான் வைத்த வெள்ளை அவர் கையில் இருந்தது. வாயைத் திறந்தால் அண்ணன் ஜெயிலுக்குப் போவான், எனக்குக் கல்யாணம் நடக்காது, அம்மா உயிரோடு இருக்கமாட்டாள். இதெல்லாம் அந்த ஒரு நிமிடத்துக்குள் எனக்குத் தோன்றியது. அந்த அளவுக்கு எனக்குக் கணக்குப் போடத் தெரிந்திருந்தது.

அண்ணனின் ஆட்கள் அந்த அட்டையையே பிடித்துக்கொண்டார்கள். "பெரியவரே, ஒங்க வாயாலேயே சொல்லிட்டீக. நல்லா வாழ்ந்த புள்ள, விதி முடிஞ்சிருச்சு" என்று தோளைத் தட்டினார்கள். சாவில் சந்தேகம் இல்லை என்று ஒரு தாள் எழுதினார்கள். மை வைக்க ஒன்றும் கிடைக்காமல் யாரோ உள்ளே போய் மதினியின் ஸ்டாம்பு மைப்பெட்டியை எடுத்து வந்தார்கள். அதில்தான் தகப்பனார் கட்டைவிரலைத் தொட்டு வைத்தார். கிளம்பும்போது அந்த விரலை வேட்டியில் துடைத்துக்கொண்டே போனார். ஊதா போகவில்லை.

பிறகு எனக்கு வேலை கிடைத்தது, கல்யாணமும் நடந்தது. டி. கல்லுப்பட்டிப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சரானேன், மதினி ஆசைப்பட்ட உத்தியோகம். எட்டு வருடம் கழித்து, அம்மாவும் போன பிறகு, பஸ் ஏறி மதினியின் தகப்பனாரைத் தேடிப் போனேன். தனியாகத்தான் இருந்தார். கண் மங்கியிருந்தது. யார் என்று சொன்னதும், "வா தாயி" என்று பாயைத் தள்ளிப் போட்டார். செருப்புப் பானையை அவர் கையில் வைத்துவிட்டு, எல்லாவற்றையும் சொன்னேன். மதினி வழியவிடாத பானையில் வெள்ளை வைத்தவள் நான்தான் மாமா என்றேன். காறித் துப்புவார் என்று எதிர்பார்த்தேன். துப்பினால் தேவலை என்றிருந்தது.

அவர் பானையை விரலால் தடவிக்கொண்டே இருந்தார். பிறகு சொன்னார். "தெரியும் தாயி."

என்ன தெரியும் என்று கேட்டேன்.

"மொத ரெண்டு வருசம் வந்த அட்டையத் தடவிப் பாத்தா, பொங்கல் இருக்குற எடம் வழவழன்னு தாளாத்தான் இருக்கும். அந்த வருசம் தடிப்பா இருந்துச்சு. நகத்துல உதுந்துச்சு. எம் மக வெள்ளை வைக்கமாட்டா. சின்னப் புள்ளையிலயே வைக்கமாட்டா. யாரோ வச்சிருக்காகன்னு பாத்ததுமே தெரிஞ்சு போச்சு." பானையின் கீறலை நகத்தால் வருடினார். "கெளம்பணும்னுதான் சட்டையப் போட்டேன். அந்தச் சந்துல மறுபடி நிக்கணுமே, மறுபடி கரும்பப் பொறுக்கணுமேன்னு இருந்துச்சு. பொங்கித்தான இருக்குன்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டு, சட்டையக் கழட்டி ஆணியில மாட்டிட்டேன். கைநாட்டு வைக்கிறப்பவும் தெரியும் தாயி."

கிளம்பும்போது பானையை என்னிடம் திருப்பிக் கொடுத்தார். "இது எனக்கு வேணாம். ஒங்க அண்ணன் பொங்காத பானையப் பாத்திருக்கானா?" என்று கேட்டார். இல்லை என்றேன். அடுத்த வருடம் அவரும் போய்ச் சேர்ந்தார்.

இப்போது யாரும் அட்டை அனுப்புவதில்லை. பொங்கல் அன்று விடிந்தால் செல்போனில் நூறு பானை பொங்குகிறது. அண்ணன் மறுகல்யாணம் செய்துகொண்டு, பேரன் எடுத்து, மதுரையில் மரியாதையாக இருக்கிறான். நான் மட்டும் ஒவ்வொரு மார்கழியிலும் ஒரே ஒரு அட்டை செய்கிறேன். ஆரஞ்சையும் மஞ்சளையும் இழுக்கிறேன், நன்றாகக் காயவிடுகிறேன், செருப்புப் பானையை ஊதா மையில் தொட்டு அழுத்துகிறேன். முதல் வருடம் அது கிடைத்ததும் அண்ணன் போன் செய்தான். "என்ன புள்ள, நல்ல நாளும் அதுவுமா பொங்காத பானைய அனுப்பியிருக்க? வெளங்குமா?"

"அது மதினி அனுப்புனதுண்ணே. வழியில நான்தான் மறிச்சுட்டேன். இப்பத்தான் வந்து சேந்திருக்கு" என்றேன்.

அவன் போனை வைத்துவிட்டான். இந்த வருடமும் அனுப்பியிருக்கிறேன். கவரை ஒட்டவில்லை.