பார்த்து நின்ற நேரம்

என் கையெழுத்து கிடைக்காததால் ஒரு பெண்ணின் மேற்படிப்பு ஓராண்டு தள்ளிப்போனது. ஏன் போடவில்லை என்று கேட்டவர்களிடம் அப்போது ஏதேதோ காரணம் சொன்னேன். எல்லாம் பொய்.

நான் அரசு மருத்துவமனையில் இயன்முறை சிகிச்சையாளராக இருந்து ஓய்வு பெற்றவன். அடிபட்டவர்களையும் வாதம் வந்தவர்களையும் எழுப்பி நடக்க வைப்பது என் வேலை. வீடு மலேசியாவில், மலாக்காவின் புக்கிட் காத்திலில். ஓய்வுக்குப் பிறகு வட்டாரக் கால்பந்துக் குழுவோடு திடலுக்குப் போய்வந்தேன். கணுக்கால் சுளுக்கினால் கட்டுப் போடுவேன், தொடை பிடித்துக்கொண்டால் நீவிவிடுவேன். அந்தப் பெண் எங்கள் வரிசையின் கடைசி வீட்டில் இருந்தாள். பல்கலைக்கழகத்துக்கு முந்தைய ஆறாம் படிவம் முடித்திருந்தாள். ஒரு மாலை வாசலில் வந்து நின்று, தனக்கு விளையாட்டு வீரர்களின் காயங்களைப் பார்த்துக்கொள்ளும் படிப்பில் சேர வேண்டும், என்னால் உதவ முடியுமா என்று கேட்டாள்.

பல்கலைக்கழகம் கேட்டவற்றை அவள் கைப்பேசியில் காட்டினாள். அறிவியல் பாடங்களில் நல்ல தேர்ச்சி, முதலுதவிச் சான்றிதழ், தடுப்பூசி விவரம், உடல் தகுதிக்கு மருத்துவர் சான்று. இவையெல்லாம் அவளிடம் இருந்தன, அல்லது வாங்கிவிடக்கூடியவை. மிச்சம் இரண்டு. தகுதி பெற்ற ஒருவரின் கீழ் குறிப்பிட்ட நேரம் திடலில் நின்று பார்த்திருக்க வேண்டும். பார்த்த ஒவ்வொரு நாளுக்கும் அவர் கையெழுத்துப் போட வேண்டும். அப்படிப் பார்த்த ஒரு சம்பவத்தைப் பற்றி ஒரு கட்டுரை எழுத வேண்டும். அதைப் படித்து உண்மைதான் என்றும் அவரே கையெழுத்திட வேண்டும். மாணவர் பார்க்க மட்டுமே செய்யலாம், யாருக்கும் சிகிச்சை செய்யக்கூடாது என்று தனியாக ஒரு வரி இருந்தது.

"வேற யாரும் தெரியாது சார். நீங்க இல்லாட்டி நான் செங் பக்கம் பெக்டரிக்குத்தான் போகணும்," என்றாள்.

சரி என்றேன். பெருமையாகக்கூட இருந்தது.

அவள் நல்ல மாணவி. ஆட்டக்காரர்கள் பந்தைப் பார்க்கும்போது அவள் அவர்களின் கால்களைப் பார்ப்பாள். விழுவதற்கு முன்பே, "அந்த அண்ணன் வலது காலை ஊன்றல சார்," என்பாள். கேட்ட நேரம் ஏறக்குறைய நிறைந்துவிட்டது. கடைசியாக ஒரு நாள் தேவைப்பட்டது. தோட்டத்துக் கோயில் திருவிழாவில் எல்லை ஓட்டம் வருகிறது, அதற்கு வா என்று நான்தான் அழைத்தேன்.

எங்கள் பழைய தோட்டத்தில் இப்போது தமிழர் குடியிருப்பு இல்லை. ரப்பர் போய் எண்ணெய் எடுக்கும் செம்பனை வந்து, தொழிலாளர்களின் லயன் வீடுகள் இடிக்கப்பட்டு, கோயில் மட்டும் மரங்களுக்கு நடுவே நிற்கிறது. ஆண்டுக்கு ஒருமுறை எல்லோரும் நகரத்திலிருந்து திரும்பிப் போகிறோம். தீமிதிக்கு முன் விரதம் இருக்கும் இளைஞர்கள் மஞ்சள் துணி கட்டித் தோட்டத்து எல்லையைச் சுற்றி ஓடிவர வேண்டும். விடிந்ததிலிருந்து அவர்கள் தண்ணீர் குடிப்பதில்லை. ஓட்டம் மதியத்துக்குப் பிறகு. ஓடி வருபவர்களில் யாருக்காவது அருள் வந்தால் அந்த ஆண்டு நல்ல ஆண்டு என்பார்கள். அருள் வந்தவனைப் பூசாரி திருநீறு போட்டு இறக்கும்வரை வேறு யாரும் தொடக்கூடாது, எதுவும் கொடுக்கக்கூடாது. இது எங்கள் வழக்கம். கோயில் கமிட்டியில் நானும் ஒருவன்.

அன்று காற்றே இல்லை. செம்பனைக்குள் வெயில் விழுவதில்லை என்று வெளியூர்க்காரர்கள் நினைப்பார்கள். அங்கே வெயில் விழாது, ஆனால் வெக்கை வெளியே போக வழியும் இருக்காது. ஓடியவர்கள் ஒவ்வொருவராக வந்து சேர்ந்தார்கள். முதலில் வந்திருக்க வேண்டியவனைக் காணவில்லை. அவன் எங்கள் பக்கத்துப் பையன், பள்ளிக்காலத்தில் மாநிலத்துக்காக ஓடியவன். அம்மா உம்பாயில் ஒரு கடல் உணவுக் கடையில் சமையல் வேலை பார்க்கிறார். அப்பா இல்லை.

பிறகு மரங்களுக்கிடையே அவன் வருவது தெரிந்தது. ஓடவில்லை. கால்களை அகல வைத்து, ஒவ்வோர் அடியையும் தரையில் தேடி வைத்து வந்தான். தலை ஒருபக்கம் சாய்ந்திருந்தது. கண் எங்களைப் பார்த்தது, ஆனால் எங்களில் யாரையும் பார்க்கவில்லை. வாய் எதையோ சொல்லிக்கொண்டே இருந்தது. உருமிக்காரர்கள் முதலில் பார்த்துவிட்டார்கள். மேளம் மாறியது. பெண்கள் குலவையிட்டார்கள். கூட்டம் தானாக விலகி வட்டம் கட்டியது. அவன் நடுவில் நின்று ஆடினான், அல்லது நிற்க முயன்றான். மேளம் வேகமாக அடிக்க அடிக்க அவனும் வேகமாகத் தள்ளாடினான். அவன் ஆடுவதற்கு அடிக்கிறார்களா, அடிப்பதற்கு அவன் ஆடுகிறானா என்று தெரியவில்லை. என் உடம்பு சிலிர்த்தது. அதையும் மறைக்காமல் சொல்கிறேன்.

அந்தப் பெண் என் சட்டைக் கையைப் பிடித்தாள். அவள் காலடியில் நாங்கள் கொண்டுவந்த ஐஸ் பெட்டி இருந்தது.

"சார், வேர்வை இல்ல பாருங்க. உடம்பு காஞ்சிருக்கு. இது அருள் இல்ல, சூடு ஏறிருச்சு."

பார்த்தேன். மற்ற ஓட்டக்காரர்கள் எல்லோரும் நனைந்து நின்றார்கள். இவன் முகம் சிவந்து, தோல் உலர்ந்து, புழுதி அப்படியே ஒட்டியிருந்தது. என் படிப்பு முழுவதும் ஒரே நொடியில் என் முன்னால் வந்து நின்றது. உடனே நிழலில் படுக்க வைத்து, துணியைக் களைந்து, ஐஸ் தண்ணீரை உடம்பெல்லாம் ஊற்ற வேண்டும். எனக்குத் தெரியும். கமிட்டித் தலைவர் எதிரே கைகூப்பி நின்றார். அவன் அம்மா அழுதுகொண்டே கும்பிட்டுக்கொண்டிருந்தார். இத்தனை பேர் முன்னால் வயசுப் பெண் ஒருத்தி விரதக்காரனைத் தொட்டு, அது உண்மையிலேயே அருளாக இருந்துவிட்டால்?

அவள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓர் அடி வைத்தாள். நான் அவள் மணிக்கட்டைப் பிடித்தேன்.

"தொடாதே. நீ பார்க்க வந்தவ. படிவத்துல என்ன போட்டிருக்கு? பார்க்க மட்டுந்தான்."

"அப்ப நீங்க போங்க சார்."

நான் போகவில்லை. பூசாரி கருவறையில் தீபாராதனையில் இருந்தார். அவர் வெளியே வந்து திருநீறு பூசும்வரை மேளம் நிற்கவில்லை. திருநீறு பூசியதும் அவன் விழுந்தான். பூசாரி அவன் நெற்றியிலிருந்து கையை எடுத்துவிட்டு அந்தக் கையையே பார்த்தார். சுட்டிருக்கும். அதற்குப் பிறகுதான் வண்டி, அதற்குப் பிறகுதான் ஆஸ்பத்திரி.

பிழைத்துக்கொண்டான். ஆனால் மூளையின் பின்பகுதி வெந்துவிட்டது. உடம்பைச் சமன் செய்து நிறுத்தும் பகுதி அது. நடந்தால் தள்ளாடினான், கை எப்போதும் நடுங்கியது, பேச்சு குழறியது. டாக்டர் வெப்பத் தாக்கம் என்று சொல்லியிருந்தார். அவன் அம்மா என்னைத் தேடி வந்தார்.

"நீங்க ஆஸ்பத்திரில இருந்த ஆளு. டாக்டரு சூடுங்கிறாரு. கோயில்ல அருள் எறங்காம நின்னுருச்சுங்கிறாங்க. எது சார் நெசம்?"

"ரெண்டும் இருக்கலாம்மா," என்றேன்.

வாழ்நாளில் நான் சொன்ன பொய்களில் மிகச் சிறியதும் மிகக் கொடியதும் அதுதான்.

கொஞ்ச நாளில் வெள்ளிக்கிழமைகளில் அவர்கள் அடுக்குமாடி வீட்டுக்கு ஆட்கள் வரத் தொடங்கினார்கள். தள்ளாட்டமும் நடுக்கமும் குழறலும் அருள் வந்தவனுக்கு இருப்பவைதானே. அவனை மஞ்சள் வேட்டி கட்டிப் பாயில் உட்கார வைத்தார்கள். கோயிலுக்கு வரும் ஒருவர் பக்கத்தில் அமர்ந்து அவன் சொல்வதை மற்றவர்களுக்கு விளக்கினார். கல்யாணம் கேட்டார்கள், வேலை கேட்டார்கள், லாட்டரிக்கு நாலு நம்பர்கூடக் கேட்டார்கள். ஒருமுறை நானும் கமிட்டிக்காரர்களோடு போக வேண்டியதாயிற்று. வரிசையில் குனிந்தேன். அவன் நடுங்கும் கையால் திருநீறு பூசினான். பாதி என் கண்ணில் விழுந்தது. நிமிர்ந்தபோது அவன் என்னையே பார்த்தான். அன்று மரத்தடியில் பார்த்த பார்வை இல்லை இது. இந்தக் கண்ணுக்குப் பின்னால் ஓர் ஆள் இருந்தான். என்னை அடையாளம் தெரிந்தவன். அவன் மெதுவாக ஏதோ சொல்லத் தொடங்கினான். "சாமி சந்தோஷமா இருக்கு," என்றார் பக்கத்திலிருந்தவர். அதற்குப் பிறகு அந்தத் தெரு வழியாகப் போவதையே விட்டுவிட்டேன்.

இதற்கிடையில் அந்தப் பெண் கட்டுரையைக் கொண்டுவந்தாள். அந்த மாலையைத்தான் எழுதியிருந்தாள். நான் தடுத்ததும் அதில் இருந்தது, குற்றம் சாட்டாமல், ஒரு வரியில். கணுக்கால் சுளுக்கு எதையாவது எழுது, கையெழுத்துப் போடுகிறேன் என்றேன். மாட்டேன் என்றாள். அப்படியானால் அன்றைய நாளுக்கும் கையெழுத்து இல்லை என்றேன். நேரம் குறைந்தது, விண்ணப்பம் நின்றது. கேட்டவர்களிடம் அவளுக்குப் பொறுமை போதாது என்றேன், இன்னும் பக்குவம் வரவில்லை என்றேன். அவள் செங்கில் ஒரு தொழிற்சாலையில் சேர்ந்து கம்பெனி பஸ்ஸில் போய்வந்தாள். வழியில் பார்த்தால் தலையசைப்பாள். பேச மாட்டாள்.

அடுத்த ஆண்டு விண்ணப்பம் திறந்தபோது அதே கட்டுரையோடு மறுபடி வந்தாள். ஒரு சொல்லும் மாற்றவில்லை. உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. இந்த முறை என்னால் மறுக்க முடியவில்லை, பேனாவை எடுத்தேன். உடனே அவள், இன்னொன்று பாக்கி இருக்கிறது, கட்டுரையில் வரும் காயம்பட்டவரின் சம்மதமும் வேண்டும் என்று இந்த ஆண்டு புதிதாகக் கேட்கிறார்கள் என்றாள்.

"அவங்க அம்மாகிட்ட நான் பேசறேன்," என்றேன்.

"அம்மாகிட்ட இல்ல சார். அவன்கிட்ட. அவனுக்கு இருபத்தொரு வயசு ஆவுது."

அது எனக்குத் தோன்றவே இல்லை.

ஒரு வெள்ளிக்கிழமை மாலை போனோம். படிக்கட்டில் ஆட்கள் காத்திருந்தார்கள். அவள் நேராக உள்ளே போய்ப் பாயில் அவன் எதிரே உட்கார்ந்தாள். விளக்கம் சொல்பவர் வாயைத் திறந்தார். "நீங்க கொஞ்சம் சும்மா இருங்கண்ணே," என்றாள். பிறகு தாளை என்னிடம் நீட்டினாள். "இங்கிலீஷ்ல இருக்கு. ஆன்ட்டிக்கும் புரியட்டும். நீங்களே சொல்லுங்க சார்."

நான் ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொன்னேன். வேர்வை இல்லாததை, ஐஸ் பெட்டியை, என் கையை, தொடாதே என்றதை. குரல் யாருடையதோ போல இருந்தது. கும்பிட்டபடி நின்றிருந்த அம்மா கையைக் கீழே விட்டார். என்னிடம் எதுவும் கேட்கவில்லை. அவர் கேட்டிருக்கலாம்.

"உன்னப் பத்தி இப்படி எழுதலாமா?" என்று அந்தப் பெண் அவனைக் கேட்டாள். கேட்டுவிட்டுக் காத்திருந்தாள். அவன் வாய் ஒரு சொல்லைப் பிடிக்க முயன்றது, நழுவியது, மறுபடி முயன்றது. யாரும் அவனுக்குப் பதிலாகப் பேசவில்லை.

"எழு...து," என்றான். பிறகு, நீண்ட நேரத்துக்குப் பிறகு: "நான்... சாமி... இல்ல."

ஓராண்டாக அவன் இதைத்தான் சொல்ல முயன்றானா என்று எனக்குத் தெரியாது. அவன் அம்மா எழுந்து வெளியே போய், இன்றைக்கு இல்லை, இனிமேலும் இல்லை என்று சொல்லிக் கதவைச் சாத்தினார். அவன் சம்மதத் தாளில் தன் பெயரை எழுதினான். எழுத்துகள் கோட்டை விட்டு மேலும் கீழும் ஓடின. அதற்குக் கீழே நான் கையெழுத்திட்டேன்.

அவளுக்கு இடம் கிடைத்துவிட்டது. நேர்காணலில் அன்று ஏன் தொடவில்லை என்று கேட்டார்களாம். பிடித்திருந்த கையை உதறத் தனக்கு அப்போது தைரியம் இல்லை என்று சொன்னாளாம். என்மேல் பழி போட்டிருக்கலாம். போடவில்லை.

அவன் விஷயத்தில் இழந்த ஓராண்டு இன்னும் பெரியது. இப்படி மூளை அடிபட்டவர்களுக்கு முதல் மாதங்களில்தான் பயிற்சி பலிக்கும். அது என் தொழில். அந்த மாதங்களில் அவனைப் பாயில் உட்கார வைத்துக் கும்பிட்டார்கள். நான் வேறு தெருவில் நடந்தேன்.

இப்போது தினமும் மாலையில் போகிறேன். அவன் அம்மா கதவைத் திறந்துவிட்டு அடுப்படிக்குப் போய்விடுவார், என்னோடு பேசுவதில்லை. அடுக்குமாடியின் பொது நடைபாதையில் சுவரோரமாக அவனை நடக்க வைக்கிறேன். கொஞ்சம்தான் முன்னேறியிருக்கிறான். இதற்கு மேல் அதிகம் வராது என்பது எனக்குத் தெரியும். அவனிடம் சொல்லிவிட்டேன். தலையாட்டினான், நடந்தான். வெள்ளிக்கிழமைகளில் இன்னும் சிலர் படிக்கட்டில் வந்து நிற்கிறார்கள். அவன் தள்ளாடி வரும்போது செருப்பைக் கழற்றிவிட்டுக் கைகூப்பி ஒதுங்குகிறார்கள். நான் அவன் இடுப்பை இறுக்கிப் பிடித்திருக்கிறேன். எனக்கும் சேர்த்து வழிவிடுகிறார்கள்.