ஓர்கன் பெட்டிக்குள் ஒரு பல்ப்

எங்கள் அக்காவைப் பற்றி இந்த நினைவு மலரில் நான்தான் எழுதவேண்டும் என்று உறவினர் எல்லாரும் சொல்லிவிட்டார்கள். கூடப் பிறந்தவன் நான் ஒருவன்தான், கடைசிவரை ஒரே வீட்டில் இருந்தவனும் நான்தான், ஆகவே மறுக்க வழியில்லை. ஆனால் அக்காவின் புகழை மட்டும் எழுதிவிட்டு எழும்ப என்னால் முடியவில்லை. அவருக்கு நான் செய்த ஒரு குற்றத்தையும் சேர்த்தே எழுதுகிறேன். வாசிப்பவர்கள் பொறுத்தருளுங்கள்.

அக்கா எங்கள் ஊரின் ஓர்ஸ் ஹில் பகுதியில், துறைமுகத்தில் எழுதுவினைஞராக இருந்த எங்கள் அப்பாவின் மூத்த பிள்ளையாகப் பிறந்தார். எனக்கு ஏழு வயதில் அம்மா காலமானார். அப்போது அக்காவுக்குப் பதினெட்டு. அன்றிலிருந்து எனக்குத் தலை வாரி இழுத்ததும் சோறு போட்டதும் அடித்ததும் அக்காதான். பிறகு கிண்ணியாவில் கணக்கு ஆசிரியையாக நியமனம் கிடைத்தது. பாலம் இல்லாத அந்தக் காலத்தில் பஸ்ஸில் போய், பாதை என்று நாங்கள் சொல்லும் மிதவையில் கடலைக் கடந்து, மறுபடி நடந்து பள்ளிக்கூடம் போவார். கலியாணப் பேச்சு வரும்போதெல்லாம் "தம்பி படிச்சு முடிக்கட்டும்" என்பார். நான் படித்து முடிக்க எடுத்த காலம் உறவினருக்குத் தெரியும். அதற்குள் பேச்சு வருவதும் நின்றுவிட்டது.

ஞாயிறு மாலை ஆராதனை மட்டும் அக்காவுக்கே சொந்தமான நேரம். காலால் மிதித்துக் காற்று ஏற்றும் எங்கள் ஆலயத்துக் கால் ஓர்கனை நாற்பது வருடத்துக்கு மேலாக அவர் வாசித்தார். யுத்தப் பிரச்சினைக் காலத்தில் பாடகர் குழுவில் மூன்று பேர் மட்டும் எஞ்சியபோதும் சங்கீதத்துக்கு வாசிப்பு நிற்கவில்லை. லெந்து என்ற தபசு காலத்தில் குமிழ்களை இழுத்து மெல்லிய ஒலிகளை மட்டும் திறப்பார். பெரிய வெள்ளியன்று ஓர்கனின் மூடியைத் தொடவே மாட்டார், குழு வெறும் குரலில் பாடும். உயிர்த்த ஞாயிறு வந்தால் இருக்கிற ஒலி அத்தனையையும் இழுத்துவிட்டு அவர் வாசிப்பதில் ஜன்னல் கண்ணாடி அதிரும். சிமியோனின் பாட்டு முடிந்து ஆமென் வருவதற்கு முன் ஒரு மூச்சு நேரம் விடுவார். அந்த இடைவெளிக்காகவே மாலை ஆராதனைக்கு வருகிறேன் என்று சொன்னவர்கள் உண்டு.

எங்கள் ஊரில் மாரி மழை, கிறிஸ்மஸுக்கு முந்திய திருவருகைக் காலத்தோடு சேர்ந்து வரும். கடற்காற்றும் ஈரமும் ஏறினால் ஓர்கனின் கட்டைகள் ஊதிப்போய், அழுத்தினால் மேலே எழும்பாது. அதற்காகப் பெட்டிக்குள் சிறு பல்ப் ஒன்று இரவும் பகலும் எரியும். அந்தச் சூட்டில்தான் ஓர்கன் மாரியைத் தாண்டும்.

போன திருவருகைக்கு ஆலயத்தில் நட்சத்திரம் கட்டும் பொறுப்பை நான் கேட்டு வாங்கினேன். ஆளுயர நட்சத்திரம். வயர் எட்டவில்லை. ஓர்கனுக்குப் பின்னால் திரைக்குள் ஒரு பிளக் இருந்தது. அது எதற்கு என்று யோசிக்காமல் கழற்றிவிட்டு நட்சத்திரத்தின் பிளக்கைச் செருகினேன். வீதியில் போகிறவர்கள் நின்று பார்த்தார்கள். எனக்குத் தலைகால் தெரியவில்லை.

மழை பத்து நாள் விடாமல் பெய்தது. கிறிஸ்மஸ் பாடல் ஆராதனைக்கு முந்திய ஒத்திகையில் அக்கா என்னைக் கூப்பிட்டார்.

"தம்பி, நடுவில ஒரு கட்டை பாரமாக் கிடக்கு. உள்ளுக்குப் பல்ப் எரியுதோ எண்டு ஒருக்கா பார். எனக்குக் குனிய ஏலாது."

நான் ஏணியில் நின்று நட்சத்திரத்தின் வாலைச் சரி பண்ணிக்கொண்டிருந்தேன். "ஓம் அக்கா, எரியுது" என்றேன். இறங்கிப் பார்க்கவில்லை.

அடுத்த நாள் மாலை, ஆலயம் நிறைந்த கூட்டம். மரியாளின் பாட்டு முடிந்து ஆமென் சொல்லி எல்லாரும் அமைதியானபோது, ஓர்கனில் ஒரு சுரம் மட்டும் நிற்காமல் ஒலித்துக்கொண்டே போனது. அக்கா காலை எடுத்தார். அப்போதும் உள்ளே காற்றுத் தீரும்வரை அது அழுதுகொண்டே தணிந்தது. பிள்ளைகள் சிரித்தார்கள். அந்த மாலையில் இன்னும் இரண்டு தரம் அப்படி நடந்தது.

ஆராதனை முடிந்து வாசலில் தேநீர் குடிக்கும்போது ஒருவர் என்ன நடந்தது என்று கேட்டார். "வயசு போனால் விரல் சொல்லுக் கேக்குமோ?" என்று நான் சிரித்தேன். திரும்பினால் அக்கா குடையோடு எனக்குப் பின்னால் நிற்கிறார்.

"வா தம்பி, மழை கூடமுன்னம் போவம்" என்றார்.

அடுத்த ஞாயிறு ஓர்கன் பூட்டின் திறப்பைப் போதகரிடம் கொடுத்துவிட்டார். "போதும் ஐயா, கை முந்தின மாதிரி இல்லை" என்றாராம்.

ஜனவரியில் நட்சத்திரத்தை இறக்கப் போனபோதுதான் கழற்றிப் போட்ட பிளக் தரையில் கிடந்ததைக் கண்டேன். அதன் வயர் எங்கே போகிறது என்று பார்த்தேன். ஓர்கன் பெட்டிக்குள் போனது. சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு அதைச் செருகினேன். இரண்டு கிழமையில் கட்டைகள் எல்லாம் துள்ளி எழும்பின. புதிதாக வாசிக்க வந்த பிள்ளை, "ஓர்கன் நல்லாத்தானே இருக்கு" என்றாள். கேட்டவர்கள் தலையை ஆட்டினார்கள். அப்படியானால் பிழை அக்காவின் விரலில்தான் என்று அன்றோடு ஊர் முடிவு கட்டியது. நான் பக்கத்தில்தான் நின்றேன். வாயைத் திறக்கவில்லை.

சாம்பல் புதனன்று பாவ அறிக்கையை எல்லாரையும்விடச் சத்தமாகச் சொன்னேன். பெரிய வெள்ளிக்குச் சொல்லலாம் என்று இருந்தேன். அன்று அக்கா என் பக்கத்தில் இருந்தார். குழு பாடப் பாட, மடியில் கிடந்த பாட்டுப் புத்தகத்தின் மேல் அவருடைய விரல்கள் ஒரு சுரம் பிசகாமல் ஓடின. சொல்லவில்லை. உயிர்த்த ஞாயிறு சந்தோஷ நாள், அதைக் கெடுக்கக்கூடாது என்று விட்டேன். பெந்தெகொஸ்தே போனது. திரித்துவ காலம் திருநாள் எதுவும் இல்லாமல் நீண்டுகொண்டே போனது. பொய் சொல்ல நாள் பார்க்காதவன், உண்மை சொல்ல நல்ல நாள் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஐப்பசியில் அக்கா படுத்தார். நெஞ்சில் சளி என்று ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். கட்டிலருகே கதிரையைப் போட்டு, இன்று சொல்லியே விடுவது என்று இருந்தேன். ஜன்னலுக்கு வெளியே மாரியின் முதல் மழை.

"தம்பி, மழை துவங்கீற்றுது," என்றார் அக்கா. "உள்ளுக்குப் பல்ப் எரியுதோ எண்டு ஒருக்கா பார்."

"ஓம் அக்கா, எரியுது" என்றேன்.

காலையில்தான் ஆலயத்துக்குப் போய்க் குனிந்து பார்த்திருந்தேன். இந்த முறை நான் சொன்னது உண்மை. அக்கா என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "நல்லது" என்று கண்ணை மூடினார். எல்லாம் தெரிந்துதான் கேட்டாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. பிளக்கைப் பற்றிய கதையை எடுக்க எனக்கு நாக்கு எழவில்லை. மூன்றாம் நாள் அக்கா கர்த்தருக்குள் நித்திரையானார்.

ஆஸ்பத்திரியில் அக்காவைப் பராமரித்த வைத்தியர்களுக்கும் தாதியருக்கும், இரவு பகலாகத் துணை நின்ற அயலவருக்கும், "எங்கட ரீச்சர்" என்று கிண்ணியாவிலிருந்து மூன்று வேனில் வந்து, அடக்கம் முடியும்வரை மழையில் நின்ற பழைய மாணவர்களுக்கும், சிமியோனின் பாட்டைப் பாடி அந்த ஒரு மூச்சு இடைவெளியையும் மறக்காமல் விட்ட பாடகர் குழுவுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

உங்களிடம் ஒன்று கேட்கிறேன். அந்தப் பாடல் ஆராதனைக்கு வந்தவர்கள் இதை வாசித்தால், அன்று வந்த மற்றவர்களுக்கும் சொல்லுங்கள். அக்கா அன்று ஒரு பிழையும் விடவில்லை. பல்பை அணைத்தவன் நான். இதை அக்காவுக்குச் சொல்ல எனக்குப் பத்து மாதம் இருந்தது.