கீரிக்குச் செய்யாத வைத்தியம்

பக்கத்து வீட்டுக் கென் தினமும் காலையில் ஒரு பிராணியைக் கயிற்றில் பிடித்து நடத்திக்கொண்டு போவார். நாய் அல்ல, ஃபெர்ரெட். ஊரிலிருந்து இதைப் படிக்கிறவர்கள் வெளுத்துப்போன ஒரு கீரியை நினைத்துக்கொண்டால் போதும். விலங்கியல்படி இரண்டும் வேறு வேறு. கண்ணுக்கு மட்டும் உறவு. குளிர்காலத்தில் அதற்கு ஒரு சிவப்புக் கம்பளிச் சட்டை உண்டு. பெயர் பிஸ்கட். எதிரே வருகிறவர்கள் கென்னை நலம் விசாரித்துவிட்டு, குனிந்து பிஸ்கட்டையும் விசாரிப்பார்கள். போன வாரம் அது தும்மியதை நினைவு வைத்திருந்து தபால்காரர் விசாரித்ததை நானே காதால் கேட்டேன். இங்கிலாந்தில் யார்க்‌ஷயரின் இந்தச் சிறு ஊருக்கு வந்து பாதி ஆயுளுக்கு மேல் ஆகிறது. பனி பழகிவிட்டது, காரமில்லாத சாப்பாடு பழகிவிட்டது. ஒரு சின்னப் பிராணியின் தும்மலுக்கு ஒரு தெருவே கவலைப்படுவது மட்டும் இன்னும் பழகவில்லை. பார்க்கும்போதெல்லாம் பொறாமையாக இருக்கிறது. அந்தப் பொறாமை இங்கே வந்து பிடித்ததல்ல. ஊரிலிருந்தே நான் கொண்டுவந்தது.

1950களின் நடுவில் நான் செங்கல்பட்டில் ஓர் உயர்நிலைப் பள்ளியில் விஞ்ஞான ஆசிரியர். மதுராந்தகத்துப் பக்கம் நெல் விளைத்த குடும்பத்தில் முதலில் பட்டம் வாங்கியவன் என்ற கர்வம் நிறைய இருந்தது. செய்யூர்ப் பக்கம் வேர்க்கடலையும் சவுக்கும் போடுகிற வீட்டிலிருந்து அலமேலுவைக் கட்டிவைத்தார்கள். சீர்ப் பாத்திரங்களோடு வண்டியிலிருந்து ஒரு பிரம்புக் கூடையும் இறங்கியது. உள்ளே ஒரு கீரி. கண் திறக்காத குட்டியிலிருந்து அவள் வளர்த்தது. அவள் அண்ணன் ஏழுமலை கூடையை என் கையில் திணித்து, கூட்டத்துக்குக் கேட்கும்படி சொன்னான்: "மாப்ள, உங்க வூடு ஏரிக்கரையாண்ட கீது. பாம்பு வந்துச்சின்னா நீங்க கட்டில் மேல ஏறி நின்னுகினு அதுக்குப் பாடம் நடத்துவீங்க. அதான் இத்த இட்டாந்தேன்." எல்லோரும் சிரித்தார்கள். அலமேலுவும் சிரித்தாள். அவள் சிரித்து நான் முதன்முதலாகப் பார்த்தது அப்போதுதான்.

அந்தக் கீரிக்கு அவள் வைத்திருந்த பெயர் ராசா. என்னைக் கூப்பிட வேண்டுமென்றால் "இன்னாங்க" என்பாள். அதைக் கூப்பிடும்போது குரலே வேறு. "ராசா, வா ராசா, எங்க போய்கினு இருந்த?" என்று அவள் இழுக்கும்போது, கையில் விடைத்தாளோடு உட்கார்ந்திருக்கும் நான் நிமிர்ந்து பார்ப்பேன். அது அவள் தோளில் ஏறி, பின்னலுக்குள் மூக்கை நுழைத்துக்கொள்ளும். பள்ளிக்கூடத்தில் சக ஆசிரியர் ஒருவர், "சார் வூட்ல மூத்தவரு எப்டிக்கீறாரு? உங்கள உள்ள வுடறாரா?" என்று கேட்பார். நானும் சிரிப்பேன். அந்தச் சிரிப்பு வீடு வரை கசந்துகொண்டே வரும்.

கல்யாணமான புதிதில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளை மாமல்லபுரத்துக்குக் கூட்டிக்கொண்டு போனேன். கடலோரக் கோயில் நிழலில் அவளோடு தனியாக உட்கார்ந்து பேச வேண்டும் என்று மனதுக்குள் என்னென்னவோ வாக்கியங்களை எழுதி வைத்திருந்தேன். பஸ்ஸில் ஏறும்போதுதான் பார்த்தேன், அவள் மடியில் கூடை. கரையில் இறங்கியதும் ராசா ஒரு நண்டைப் பிடித்தது. நண்டு அதன் மூக்கைப் பிடித்தது. அது துள்ளி விழுந்ததைப் பார்த்து அலமேலு ஈர மணலில் உட்கார்ந்து, கண்ணில் நீர் வரச் சிரித்தாள். நான் எழுதி வைத்திருந்த வாக்கியங்களை அலைகளுக்குத்தான் சொல்ல வேண்டியிருந்தது. திரும்பும்போது பஸ்ஸில் அவள் என்னிடம் சொன்ன ஒரே சொல், "அதுக்குத் தாகமா கீதுபோல."

இங்கே ஒரு ஃபெர்ரெட்டுக்கு உடம்பு சரியில்லை என்றால் அதை எப்படித் தெரிந்துகொள்வது என்று சொல்லித்தருகிறார்கள். கென் முழங்கால் அறுவைச் சிகிச்சைக்குப் போகும்முன் பிஸ்கட்டை எங்களிடம் விட்டுப்போனார். அலமேலு தானாகவே கேட்டு வாங்கிக்கொண்டாள். சமையலறையில் கூண்டை வைத்துவிட்டு கென் என்னிடம் விளக்கினார்: அது வயதானது, ரத்தத்தில் சர்க்கரை திடீரென்று இறங்கிவிடும், மருந்து கொடுத்து வருகிறார். ஒரே இடத்தை வெறித்துப் பார்த்தால், எச்சில் வடித்தால், முன்காலால் வாயைப் பிறாண்டினால், பின்னங்கால்கள் இழுத்தால் காத்திருக்கக் கூடாது. பல்லீறில் கொஞ்சம் தேன் தடவிவிட்டு உடனே டாக்டருக்குப் போன் செய்ய வேண்டும். அலமேலுவுக்கு ஆங்கிலம் கொஞ்சம்தான் வரும். "இன்னா சொல்றாரு?" என்று கேட்டாள். தீனி, தண்ணீர், மருந்து, தூங்கும் நேரம் எல்லாவற்றையும் சொன்னேன். கடைசியாகச் சொன்ன அறிகுறிகளை மட்டும் சொல்லவில்லை. அவை ராசாவின் அறிகுறிகள்.

ராசா முட்டையை முன்காலால் உருட்டிச் சுவரில் மோதி உடைக்கும். அந்தப் பங்குனி மாதத்தில் ஒரு காலை, முட்டையை வைத்துவிட்டு அலமேலு காத்திருந்தாள். அது முட்டையையே வெறித்துக்கொண்டிருந்தது. மயிர் சிலிர்த்திருந்தது, வாயோரம் எச்சில். "இன்னாங்க, இது துன்ன மாட்டேங்குது. வாயப் பிறாண்டிகினு கீது. காலு வேற இழுக்குது. மாட்டாஸ்பத்திரிக்கு இட்டுகினு போலாமா?" என்றாள். மாட்டாஸ்பத்திரி பள்ளிக்குப் போகும் வழியில்தான் இருந்தது. அங்கிருந்த டாக்டரை எனக்குத் தெரியும். நாய்க்கும் பார்ப்பார், ஒருமுறை கிளிக்குக்கூடப் பார்த்தார். நான் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே சொன்னேன்: "கீரிக்கு எதுக்குடி டாக்டரு? அதுக்குன்னு ஒரு பூண்டு கீது. தானே தேடித் துன்னு சரியாப்பூடும். கயித்த அவுத்து வுடு."

கீரி பாம்புக்கடிக்கும் நோய்க்கும் ஏதோ ஒரு பூண்டை, பச்சிலையைத் தேடித் தின்னும் என்று நம் பக்கம் எல்லோரும் சொல்வார்கள். அலமேலுவின் அப்பாவும் சொல்வார். அது கட்டுக்கதை, கீரி பிழைப்பது அதன் வேகத்தாலும் தடித்த மயிராலும்தான் என்று அதே வருடம் வகுப்பில் நான் பாடம் நடத்தியிருந்தேன். படித்தவன் சொன்னதால் அவள் நம்பினாள். அப்பாவும் புருஷனும் ஒன்றையே சொல்லும்போது அவள் எப்படிச் சந்தேகப்படுவாள்? சந்தேகப்பட மாட்டாள் என்று தெரிந்துதான் சொன்னேன்.

மாலையில் நான் திரும்பியபோது அவள் கொல்லையில் இருந்தாள். ராசா தரையில் பக்கவாட்டில் கிடந்தது. அதற்கு எழுந்து தேடிப் போகத் தெம்பில்லை. அதனால் அவள் தேடினாள். வேலியோரம், கிணற்றோரம் முளைத்திருந்த ஒவ்வொரு செடியிலும் ஓர் இலை கிள்ளி, அதன் மூக்கருகே நீட்டிக்கொண்டிருந்தாள். "இதுவா ராசா? இது இல்லியா? இத்த மோந்து பாரு." துளசி, குப்பைமேனி, தும்பை, கீழாநெல்லி, பெயர் தெரியாத புல். அது மோந்து பார்க்கவுமில்லை. நான் சன்னலில் நின்று பார்த்தேன். அந்த நேரத்தில்கூட எனக்கு வந்தது இரக்கமல்ல. நான் காய்ச்சலில் கிடந்தால் எனக்காக இப்படிக் கொல்லை முழுவதையும் கிள்ளுவாளா என்ற எண்ணம்தான். மாட்டாஸ்பத்திரி அப்போது திறந்திருந்தது. இருட்டுவதற்குள் ராசா அந்த இலைகளுக்கு நடுவில் செத்துப்போனது. "எனக்குத்தான் அந்தப் பூண்டு தெரியல" என்று அவள் அழுதாள். இல்லாத பூண்டு தனக்குத் தெரியாமல் போனதாக நினைத்து அவள் அழுவதை நான் கேட்டுக்கொண்டு நின்றேன். அதற்குப் பின் மகன் பிறந்தான், கடல் கடந்தோம், பேரப்பிள்ளைகள் வந்தார்கள். ராசா என்ற சொல்லை அவள் வேறு யாருக்கும் சொல்லவில்லை. எனக்கும்தான்.

இந்த மார்கழியில் அலமேலு சிநேகிதியோடு கோயிலுக்குப் போயிருந்த ஒரு காலை, பிஸ்கட் கூண்டோரத்தில் எதையோ வெறித்துக்கொண்டிருந்தது. பிறகு வாயைப் பிறாண்டியது. நான் உடனே எழுந்திருக்கவில்லை. அதையும் எழுதிவிட வேண்டும். அந்த வாரம் முழுக்க அவள் அதற்குக் கோழிக்கறியை நுணுக்கி ஊட்டிக்கொண்டிருந்தாள். என் டீ ஆறிக்கொண்டிருந்தது. எண்பது கடந்த வயதில், கையில் ஆறிய டீயோடு, ஒரு ஃபெர்ரெட்டின் மேல் பொறாமைப்பட்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். அது எழ முயன்று பின்னங்கால்கள் மடங்கி விழுந்தது. அப்போது அந்த இலைகள் எல்லாம் கண்முன் வந்தன. முழங்கால் வலியோடு தரையில் உட்கார்ந்து, விரலில் தேனைத் தொட்டு அதன் பல்லீறில் தடவினேன். மறுபடி தடவினேன். கொஞ்ச நேரத்தில் ஒரு சின்ன நாக்கு என் விரலை நக்கியது. டாக்டருக்குப் போன் செய்தேன். அலமேலு உள்ளே வந்தபோது, அதை மடியில் வைத்துக்கொண்டு டாக்சிக்காகக் காத்திருந்தேன்.

பிராணி டாக்டர் ஓர் இளம் பெண். ஊசி போட்டு, கொஞ்சம் தீனி கொடுத்து, "சரியான நேரத்தில் சரியானதைச் செய்தீர்கள்" என்றாள். நான் கேட்டேன், இந்த நோய் மங்கூஸுக்கும், அதாவது கீரிக்கும், வருமா என்று. நான் ஊர்க் கதை பேச ஆசைப்படுகிறேன் என்று அவள் நினைத்துக்கொண்டாள். "ஓ, உங்கள் தோட்டத்தில் மங்கூஸ் எல்லாம் வருமா? எவ்வளவு அழகு!" என்றாள். மேலே கேட்க எனக்கு ஆங்கிலம் இருந்தது, தைரியம் இல்லை. மங்கூஸ் என்ற சொல் பக்கத்தில் நின்ற அலமேலுவுக்குத் தெரியும்.

டாக்சிக்காக வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். அவள் மடியில் பிஸ்கட் தூங்கியது. அவள் என்னைப் பார்க்காமல் கேட்டாள்.

"மாட்டாஸ்பத்திரி அன்னிக்குத் தொறந்துதான் இருந்துச்சு இல்ல?"

"இருந்துச்சு."

"அந்தப் பூண்டு?"

"அப்டி ஒண்ணு கெடையாது. எனக்கு அப்பவே தெரியும்."

அவள் கை பிஸ்கட்டின் முதுகில் அசையாமல் நின்றது.

"இந்த ஊருக்காரன் வளத்ததுக்கு ஓடியாந்து வைத்தியம் பாத்தீங்க. ஏங்க, அதுக்கு மட்டும் ஏன்?"

"நீ அத ராசான்னு கூப்ட்ட. என்னிய அப்டி கூப்டல."

அவள் திரும்பி என்னைப் பார்த்தாள். கோபப்பட்டிருந்தால் தாங்கியிருப்பேன். "அதுக்கா?" என்றாள். அவ்வளவுதான்.

கென் தடியூன்றித் திரும்பி வந்து என் கையைப் பிடித்துக் குலுக்கினார். தெருவே என்னைப் பாராட்டியது; தபால்காரர்கூட. வீட்டுக்குள் அவள் சோறு போடுகிறாள், மாத்திரை எடுத்துக் கொடுக்கிறாள், அதிகம் பேசுவதில்லை. மாலையில் பின்பக்கத் தோட்டத்து வேலியோரம் போய் நிற்கிறாள். நேற்று சன்னலுக்கு இந்தப் பக்கம் நான் நின்றிருந்தேன், செங்கல்பட்டில் நின்றதுபோலவே. வேலிக்கு அந்தப் பக்கம் பிஸ்கட் தன் சிவப்புச் சட்டையோடு பனிப்புல்லை மோந்துகொண்டிருந்தது. அவள் குனிந்து, இத்தனை ஆண்டுகள் நான் கேட்காத அந்தக் குரலில், "ராசா" என்று இழுத்தாள். யார்க்‌ஷயரில் பிறந்த அந்தப் பிராணி, அது தன் பெயரேதான் என்பதுபோலத் தலையைத் தூக்கி அவளிடம் ஓடியது. இங்கே நானும் நிமிர்ந்தேன்.