மாமியாரின் முதல் ரவிக்கை

தாது வருஷம், தை மாதம். கோயமுத்தூரில் நாத்தனார் மகளுக்குக் கல்யாணம். அதுவரை ரவிக்கையே போட்டறியாத என் மாமியார், மாப்பிள்ளை வீட்டு டவுன்காரர்கள் சிரிப்பார்கள் என்று பேத்தி கல்யாணத்துக்கே வரமாட்டேன் என்றார். நான் தைத்துத் தருகிறேன் என்றேன்.

பழைய ரவிக்கையைத் துணிமேல் விரித்து வைத்து வெட்டுவதுதான் எங்கள் வழக்கம். அவரிடம் பழையது ஏது? நூலால் அளந்தேன்.

"ஏன் அம்மணி, என்னைய அந்தியூர் மாட்டுச் சந்தைக்கா ஓட்டப்போறே?" என்றார்.

தைத்துப் போட்டுப் பார்த்தபோது ரவிக்கையின் உடம்பு கச்சிதமாக அமைந்தது. ஆனால், மேற்கையில் கிடந்த வெள்ளிக் காப்பைத் தாண்டி ரவிக்கையின் கை ஏறவில்லை.

"காப்பைக் கழட்டலாமுங்களா, அத்தை?"

"எங்கம்மா போட்டுவுட்டது கண்ணு. நான் ஊட்லயே இருந்துக்கறேன், போ."

நான் விடவில்லை. இரண்டு கைகளின் தையலையும் பிரித்து, ஓரம் மடித்து அடித்து, பித்தான் வைத்தேன். காப்பைச் சுற்றித் துணியைப் போட்டு மாட்டினால் சரியாக நின்றது.

கல்யாண வீட்டில் மாப்பிள்ளையின் அத்தை அந்தப் பித்தான்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏனுங்க, இது எந்தூரு மோஸ்தருங்க?"

"எங்கூட்டு மோஸ்தருங்க" என்று மாமியார் முந்தானையை விலக்கிக் கையை நீட்டிக் காட்டினார்.