பேகம்பேட் வரை போன கேக் மாவு

எங்கள் வீட்டு கிறிஸ்துமஸ் கேக்கை வீட்டில் சுடுவது கிடையாது. செகந்திராபாத் மாரெட்பள்ளியில் நாங்கள் இருந்த தெருவில் பல வீடுகளிலும் அப்படித்தான். பழங்களைத் திராட்சைச் சாற்றில் ஊறப் போடுவது, சீனியைக் கருக்குவது, மாவு கலப்பது எல்லாம் வீட்டில். டின்னில் ஊற்றிக் கொண்டு போனால், ரொட்டி எடுத்த சூட்டில் பேக்கரிக்காரர்கள் சுட்டுத் தருவார்கள்.

மாவு கிளம்புமுன் வீட்டில் இருக்கிற எல்லோரும் ஒரு தடவை கரண்டியைப் பிடித்துக் கிளற வேண்டும். திருநெல்வேலியிலிருந்து எங்கள் ஆட்கள் கொண்டுவந்த வழக்கமா, செகந்திராபாத்துக்கு வந்து கற்றுக்கொண்டதா, தெரியாது. ஒரு வருஷம் என் அண்ணன் ஏதோ கோபத்தில் கிளறாமல் எழுந்து போனான். அடுத்த கிறிஸ்துமஸுக்குள் நாக்பூருக்கு மாற்றல். அதன்பிறகு எங்களோடு உட்கார்ந்து அவன் கேக் சாப்பிட்டதே இல்லை. இரண்டுக்கும் சம்பந்தமில்லை என்பாள் என் மனைவி. எட்டாம் வகுப்போடு நின்றவன் நான். சம்பந்தம் உண்டா இல்லையா என்று பிரித்துப் பார்க்கத் தெரியாது, பயப்பட மட்டும் நன்றாகத் தெரியும்.

மகளுக்கு கச்சிபௌலியில் கம்ப்யூட்டர் வேலை. புது வருஷம் பிறந்ததும் அமெரிக்கா போகிறாள் என்று முடிவாகியிருந்தது. கேக் போடும் அன்று மத்தியானமே வந்துவிடுகிறேன் என்றவள், சாயங்காலமாகியும் வரவில்லை. போன் செய்தால் பேகம்பேட் ரயில்வே ஸ்டேஷன் பக்கம் டிராபிக்கில் ஆபீஸ் கேப் அசையாமல் நிற்கிறது என்றாள். பேக்கரியில் அடுப்பு ஆறிக்கொண்டிருந்தது.

"அவ பங்குக்கு நானே ஒரு கிளறு கிளறிருதேன்" என்றாள் மனைவி.

"அது எப்படிச் சேரும்?"

"வேற என்ன செய்யச் சொல்லுதிய? கேப்புக்குள்ள போயா கிளற முடியும்?"

கேலியாகத்தான் சொன்னாள். நான் சட்டையை மாட்டிக்கொண்டு மாவு இருந்த பேசினைத் தூக்கினேன். "நல்லவேளை, பேக்கிங் பவுடர் இன்னும் போடல, போட்டா உடனே சுடணும்" என்று தலையில் அடித்துக்கொண்டாள்.

மடியில் துண்டால் கட்டிய பேசின். ஆட்டோக்காரர் திரும்பிப் பார்த்து, "பிரியாணியா சாப்?" என்று ஹிந்தியில் கேட்டார். ஆமாம் என்று சொல்லிவிட்டேன். பேகம்பேட்டில் அவரை நிற்கச் சொல்லிவிட்டு இறங்கிப் பார்த்தால், நிற்பதெல்லாம் வெள்ளை வண்டி. ஒவ்வொன்றாகக் குனிந்து எட்டிப் பார்த்துக்கொண்டே போனேன். ஏதோ விற்க வந்தவன் என்று நினைத்து ஒரு அம்மாள், "நக்கோ, நக்கோ" என்று வேண்டாமெனக் கையை ஆட்டினார்.

"அப்பா! மானம் போகுதுப்பா!"

கதவைத் திறந்தது என் மகள்.

"முதல்ல கிளறு."

தலையைக் குனிந்துகொண்டு கிளறினாள். பக்கத்தில் இருந்த தெலுங்குப் பெண் என்னவென்று விசாரித்து, தானும் கரண்டியை வாங்கிக்கொண்டாள். "அங்கிள், எனக்கு?" என்று பின் சீட்டிலிருந்து ஒரு பையன். கடைசியில் டிரைவரும் ஒரு சுற்று. இத்தனை பேருக்கும் கேக் கொடுத்தாக வேண்டுமே என்று எனக்கு அடுத்த கவலை பிடித்துக்கொண்டது.

மகள் இறங்கி என்னோடு ஆட்டோவில் ஏறினாள். கொஞ்ச தூரம் போனதும் கேட்டாள்: "நான் போறது உங்களுக்குப் பிடிக்கலையாப்பா?"

"போ. வராம இருந்துராத."

அவள் பேசினை வாங்கித் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

அந்த வருஷம் எங்கள் டின்தான் கடைசியாக அடுப்புக்குள் போனது. கேக் நடுவில் குழி விழுந்திருந்தது. அவ்வளவு தூரம் போய்க் கிளற வைத்தும் அடுத்த கிறிஸ்துமஸுக்கு அவள் வரவில்லை, லீவு இல்லையாம். அத்தோடு என் பயம் விட்டிருக்க வேண்டும். விடவில்லை.

அதற்கடுத்த வருஷம் வருவதாகச் சொன்னாள். ஆனால் பேக்கரியில் எங்கள் முறை அவள் வருவதற்கு முன்பே வந்துவிட்டது. பேக்கிங் பவுடர் போடுமுன், மனைவிக்குத் தெரியாமல் ஒரு கிண்ணம் மாவை எடுத்து ஃபிரிட்ஜில் பின்னால் ஒளித்து வைத்தேன். மகள் வந்து பெட்டியை வைத்ததும் எடுத்து நீட்டினேன்.

"கிறுக்கு மனுஷன்! டின் நிறையலையேன்னு நான் ரெண்டு நாளா என்னையவே ஏசிக்கிட்டு இருக்கேன்" என்றாள் மனைவி.

மகள் கரண்டியைக் கேட்டு வாங்கி, நின்றபடியே கிளறினாள். குக்கரில் வெயிட் போடாமல் சுட்டோம். அடி தீய்ந்துவிட்டது. தீய்ந்ததைச் சுரண்டிச் சுரண்டித் தின்றுகொண்டே, "அடுத்த வருஷம் இன்னும் கொஞ்சம் கூட எடுத்து வைங்கப்பா" என்றாள்.

சரி என்றேன். லீவு கிடைக்குமா என்று கேட்க வாய் வரை வந்தது. கேட்கவில்லை.