பெயரை மட்டும் மறைத்த வரைபடம்

வகுப்புக்கு வந்து கடைசி பெஞ்சில் உட்கார்ந்ததும் செருப்பைக் கழற்றிவிட்டு, முன்னால் இருக்கும் பெஞ்சின் குறுக்குக் கட்டையில் இரண்டு பாதங்களையும் தூக்கி வைத்துக்கொள்கிறார். பிறகுதான் நோட்டு வெளியே வரும். மருத்துவமனைச் சலவைப் பிரிவில் எட்டு மணி நேரம் நின்றபடி போர்வைகளுக்கு இஸ்திரி போட்டுவிட்டு வரும் கால்கள் அவை. வயது நாற்பத்தைந்து. கூடப் படிக்கும் பிள்ளைகளுக்கு அவர் ‘அக்கா’. எனக்கும் மனசுக்குள் அதுதான்.

அந்த மாலைக் கல்லூரியில் நான் நடத்துவது மானுடப் புவியியலின் புதிய கோட்பாடுகள். இடத்துக்குள் அதிகாரம் எப்படி ஒளிந்திருக்கிறது என்று முக்கால் மணி நேரம் மூச்சைப் பிடித்து விளக்கிய அன்று அக்கா கையைத் தூக்கினார். “எங்க ஆஸ்பத்திரில டாக்டருக்கு ஒரு லிஃப்டு, அழுக்குத் துணிக்கு ஒரு லிஃப்டு சார். நாங்க துணியோட போவோம்.”

ஒருநாள் முழுக்க எங்கெங்கே, எவ்வளவு நேரம் இருக்கிறீர்கள் என்று எல்லோரையும் வரைந்து வரச் சொன்னேன். அக்காவின் தாளில் பேருந்து, சலவைப் பிரிவு, அடுப்படி. மூலையில் சின்னதாக ஒரு கட்டம்: குளியலறை, கவிழ்த்த பக்கெட், இருபது நிமிடம், படிக்கும் இடம். எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. இப்படி ஓர் உதாரணம் எந்தப் புத்தகத்தில் கிடைக்கும்? அவரிடம் ஒரு வார்த்தை கேட்காமல் மறுநாள் திரையில் போட்டேன். பெயரைக் கவனமாக மறைத்திருந்தேன்.

சலவைப் பிரிவை மறைக்கவில்லை. வகுப்பே பின்னால் திரும்பிப் பார்த்தது. இரண்டு பேர் சிரித்தும்விட்டார்கள். இருக்கும் இடமே ஆளைக் காட்டிக்கொடுத்துவிடும் என்று வருஷா வருஷம் பாடம் நடத்துகிறவன் நான். நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

வகுப்பு முடிந்ததும் மன்னிப்புக் கேட்டேன். அவர் கோபப்படவில்லை, பட்டிருந்தால் தேவலை.

“வீட்டுல புத்தகத்த எடுத்தாலே கேலி பண்றாங்க சார். அதான் அங்க போயி படிக்கிறேன்,” என்றார், தரையைப் பார்த்து. “இங்க யாரும் சிரிக்க மாட்டாங்கன்னு நெனச்சேன்.”

ஒரு வாரம் வரவில்லை. படிப்பையே விட்டுவிட்டாரோ என்று பயந்துகொண்டு, அந்தக் கடைசி பெஞ்சின் பக்கம் பார்க்கவே கூசி, பாடம் நடத்தினேன்.

நேற்று வந்தார். அடுத்த கட்டுரையை நான்காக மடித்து, சுற்றிலும் ஸ்டேப்ளர் பின் அடித்திருந்தார். நான் மட்டும், அங்கேயே, அவர் கண்ணெதிரே படிக்க வேண்டுமாம். ஒவ்வொரு பின்னாக நகத்தால் பிரித்துக் கடைசி வரிவரை நான் படித்து நிமிர்கிற வரைக்கும், தாளைத் திரும்ப வாங்க நீட்டிய கையை அவர் இறக்கவே இல்லை.