காமிரா பிடித்தவனின் நிழல்

வீட்டில் அவளுக்கு ஊமைக்கொட்டான் என்று பெயர். கேட்டால்தான் பதில் வரும், அதுவும் எண்ணி நாலு வார்த்தை. பெயரை வைத்த அண்ணன் வெளிநாட்டு வேலைக்குப் போய் மூன்று வருடம் ஆகிறது. போகும் அன்று, தான் எடுத்த படங்களையெல்லாம் ஒரு பென் டிரைவில் போட்டுக் கொடுத்தான். "பத்திரமா வெச்சிரு, என்கிட்ட வேற காப்பி இல்ல. உன்கிட்ட கொடுத்தா காத்துக்குக்கூடத் தெரியாது."

கல்லூரியில் ஊடக மாணவர்கள் கொண்டுவரும் இதழில் இந்த முறை ஆளுக்கு ஒரு பக்கம். அவள் எடுத்துக்கொண்டது 'எங்கள் வீடு'. வீட்டில் நாலு பேர். படங்களிலோ அப்பா, அம்மா, அவள் என்று மூன்று பேர்தான். எடுத்தவன் எப்படிப் படத்துக்குள் வருவான்? ஒரு படமாவது எடுத்து அனுப்பச் சொல்லி அண்ணனிடம் கெஞ்சிப் பார்த்தாள்.

"என் மூஞ்சியப் போட்டா உங்க பத்திரிகை போணியாகாது, விடு" என்று போனை வைத்துவிட்டான்.

சரி, இருக்கிற படங்களையாவது அழகாக்குவோம் என்று கணினி ஆய்வுக்கூடத்தில் பென் டிரைவைச் செருகி உட்கார்ந்தாள். படம் திருத்தும் மென்பொருளைக் கற்றுக்கொடுத்த ஆசிரியர், முதல் நாளே பலகையில் பிழைகளை எழுதிப்போட்டிருந்தார். மூன்றாவது பிழை, எடுப்பவரின் நிழல் படத்தில் விழுவது. அதை நீக்க ஒரு கருவி இருந்தது. பக்கத்துத் தரையைத் தொட்டு எடுத்து நிழலின் மேல் பூசினால், நிழல் போன தடமே தெரியாது.

அண்ணன் எப்போதும் சூரியனை முதுகில் வாங்கிக்கொண்டு நின்றுதான் எடுப்பான். படத்துக்குப் படம் கீழே ஒரு நிழல், முழங்கை இரண்டையும் தூக்கிக்கொண்டு, இரண்டு காது வைத்த ஜாடி மாதிரி நின்றது. நான்கு நாள் மதிய இடைவேளையில் சாப்பாட்டைக்கூட மறந்து அவள் பூசினாள். முப்பத்தொரு படம். பூசப் பூசக் கை பழகியது. ஒவ்வொன்றையும் முடித்ததும் 'சேமி'யை அழுத்தி மூடினாள்.

பக்கத்து நாற்காலித் தோழி சோடாபுட்டி எட்டிப் பார்த்தாள். "அடேங்கப்பா! தரையைக் கழுவி விட்ட மாதிரி இருக்குடி."

அந்தப் பெருமையோடு அன்று மாலை அம்மாவிடம் காட்டினாள். அம்மா தையல் மிஷினை நிறுத்தி, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு ஒவ்வொன்றாகப் பார்த்தாள்.

"அவன் எங்கடி?"

"அவன்தானேம்மா எடுத்தான்?"

"அதான் கேக்கறேன். இந்தா, என் கால்கிட்ட நின்னுட்டிருந்தானே. எங்க?"

மறுநாள் ஓட்டமும் நடையுமாக ஆய்வுக்கூடத்துக்குப் போய்ப் படங்களைத் திறந்தாள். செய்ததைத் திரும்பப் பெறும் பொத்தான் அழுத்த முடியாதபடி மங்கிக் கிடந்தது.

"மூடிட்டா அவ்வளவுதான்டி" என்றாள் சோடாபுட்டி. "வேற பேர்ல சேமிக்கலையா? முதல் நாளே சொன்னாரே."

"நிழல்தானேன்னு நினைச்சேன்" என்றாள் அவள்.

இரண்டு நாளில் பக்கத்தைக் கொடுத்தாக வேண்டும். வீட்டில் அம்மா பீரோவைத் திறந்தாள். கதவின் உட்புறத்தில் டேப் போட்டு ஒட்டியிருந்தது ஒரே ஒரு பிரதி. பேருந்து நிலையத்துச் சுவரோரம் மூன்று பேரும் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நிற்கிறார்கள். அப்பா ஓட்டுநர் சட்டையோடு. கீழே ஜாடி நிழல், தலை அம்மாவின் செருப்பைத் தொட்டபடி.

"இத்தனை படத்துல இதை ஏம்மா பிரிண்ட் போட்ட?"

"இதுலதான் அவன் முழுசா இருக்கான்."

பிய்க்கும்போது ஒரு மூலை பெயின்டோடு கிழிந்தது. "பாத்துடி, பாத்து" என்று அம்மா மறு மூலையைப் பிடித்துக்கொண்டாள்.

அதை ஸ்கேன் செய்து, கிழிசலையும் கீறலையும் ஊசிமுனை அளவுத் தூரிகையால் மூடினாள். இந்த முறை வேறு பெயரில் சேமித்துவிட்டுத்தான் கையே வைத்தாள். நிழலுக்குள் ஓடிய ஒரு வெள்ளைக் கீறலை மட்டும் சரிசெய்ய மனம் வரவில்லை.

பக்கத்தைப் பார்த்த ஆசிரியர் பேனாவால் திரையைத் தட்டினார். "முன்னாடி நிழல் விழுந்திருக்கு பாரும்மா. எடுத்துடு."

"அது எங்க அண்ணன், சார்."

ஆசிரியர் அவளை ஒருமுறை பார்த்தார், படத்தை ஒருமுறை பார்த்தார், பேனாவைப் பையில் செருகிக்கொண்டு அடுத்த மேசைக்கு நகர்ந்தார்.

இதழ் வந்த அன்று அந்தப் பக்கத்தை அண்ணனுக்கு அனுப்பினாள். பதில் உடனே வந்தது.

"சூப்பர்! ஆனா கீழ என் நிழல் விழுந்து கெடுத்துருச்சே. அதை எடுத்திருக்கலாமே?"

ஊமைக்கொட்டான் பதில் எழுதினாள்.

"முப்பத்தொரு படத்துல எடுத்துட்டேன். இதுலயாவது இரு."